மனநலக் கேள்வி பதில்: நிறுத்திய மாத்திரையும் நம்பாத மருத்துவரும்

மனச்சோர்வு மாத்திரைகளை எவ்வளவு காலம் உட்கொள்ள வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியவர்களில் பலரின் மனக்குறை வேறாக இருந்தது. மாத்திரையை நிறுத்தியபோது தாங்கள் பட்ட துன்பத்தை எந்த மருத்துவரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை என்பதே அது. மூன்று கடிதங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. அந்தத் துன்பத்தில் என் துறைக்கும் எனக்கும் பங்கிருப்பதால் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: ஐயா, நான் 38 வயதுப் பள்ளி ஆசிரியை. என் தந்தை இறந்த பின் ஏற்பட்ட மனச்சோர்வுக்காக மூன்று ஆண்டுகள் எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரை எடுத்துக்கொண்டேன். ஓராண்டுக்கும் மேலாக நன்றாக இருந்ததால், ஒரு வாரம் பாதி மாத்திரை போட்டுவிட்டு நிறுத்திவிடலாம் என்றார் மருத்துவர். அப்படியே செய்தேன். நிறுத்திய நான்காம் நாள், கரும்பலகையிலிருந்து பிள்ளைகள் பக்கம் திரும்பியபோது தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல் ஒரு வெட்டு வெட்டியது. அதன்பின் கண்ணை இடவலமாக அசைத்தாலே அது வருகிறது. தலைசுற்றல், குமட்டல், விடியும்வரை பயங்கரக் கனவுகள், காரணமே இல்லாத அழுகை என்று ஐந்து வாரங்கள் ஓடிவிட்டன. அதே மருத்துவரிடம் சென்றேன். "மருந்து உடம்பைவிட்டுப் போய் ஒரு மாதமாகிறது, இது உங்கள் பழைய நோய்தான்" என்றார். இன்னொருவர், "கண்டதையும் படித்துவிட்டு வராதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் கணவரும் இப்போது அவர்கள் சொல்வதையே நம்புகிறார். எனக்கு இருப்பது கற்பனையா? யாரிடம் போய் என்ன சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: கற்பனையல்ல, அம்மா. நேரில் பரிசோதிக்காமல் யாருக்கும் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற வரம்பு எனக்கு உண்டு. ஆனால் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தியபின் வரும் விலகல் அறிகுறிகள் எப்படி இருக்கும் என்று இளம் மருத்துவர் ஒருவர் என்னைக் கேட்டால், உங்கள் கடிதத்தைத்தான் அவரிடம் படிக்கக் கொடுப்பேன்.

உங்கள் பழைய நோயைச் சற்று நினைத்துப் பாருங்கள். அப்போது எதிலும் நாட்டமில்லாமல், உடம்பு கனத்து, காலையில் எழவே மனமில்லாமல் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மூழ்கியிருப்பீர்கள். தலைக்குள் கரண்ட் அடித்திருக்காது. மனச்சோர்வு திரும்பி வரும்போது பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் எடுத்துக்கொண்டு, பழைய முகத்தோடுதான் வரும். விலகல் அறிகுறியோ மாத்திரையை நிறுத்திய அல்லது குறைத்த சில நாட்களிலேயே, முன்பு ஒருபோதும் அனுபவித்திராத உடல் உணர்வுகளோடு வரும். நீங்கள் குறிப்பிடும் நான்காம் நாளும், கண்ணை அசைத்தால் வரும் அதிர்வும், குமட்டலும் இந்த இரண்டாவது வகையைத்தான் சுட்டுகின்றன. இன்னொரு தடயமும் உண்டு. மாத்திரை சாப்பிட்டுவந்த காலத்தில் ஊருக்குப் போன இடத்தில் இரண்டு மூன்று நாள் மறந்து விட்டுப்போனபோது இதேபோன்ற தலைசுற்றலோ எரிச்சலோ வந்து, மீண்டும் மாத்திரை போட்டதும் ஓரிரு நாளில் அடங்கியதுண்டா என்று யோசித்துப் பாருங்கள். மனச்சோர்வு அத்தனை விரைவில் அடங்குவதில்லை, அதற்கு மாத்திரை வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும்.

மருந்து உடம்பைவிட்டு வெளியேறிவிட்டது என்று உங்கள் மருத்துவர் சொன்னது உண்மைதான். எஸ்சிட்டலோபிராம் ஏறத்தாழ 30 மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறையும், ஒரு வாரத்தில் அநேகமாக முழுவதும் போய்விடும். ஆனால் அந்த உண்மையிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு. மூன்று ஆண்டுகள் அந்த மருந்து இருப்பதற்கு ஏற்ப மூளையும் நரம்புகளும் தங்களை மாற்றி அமைத்துக்கொண்டுள்ளன. மருந்து ஒரு வாரத்தில் போய்விடலாம். அது இல்லாத நிலைக்கு நரம்புகள் பழகுவதற்குச் சிலருக்கு வாரங்களும், சிலருக்கு மாதங்களும் தேவைப்படுகின்றன. துன்பம் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

அப்படியானால் மருத்துவர்கள் ஏன் நம்புவதில்லை? அவர்கள் கல்மனம் படைத்தவர்கள் என்பதால் அல்ல. எங்களுக்குக் கற்பிக்கப்பட்டதே அப்படித்தான். இமிப்ரமின் என்ற முதல் தலைமுறை மருந்தை நிறுத்தும்போது வரும் துன்பங்கள் 1959ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டன. 1990களில் புதிய தலைமுறை மாத்திரைகள் பெருகியபோதும் அவை பதிவாயின. ஆனால் அப்போது 'விலகல்' என்ற சொல்லைத் தவிர்த்து 'நிறுத்தக் குறிகுணம்' என்னும் பொருள்படும் மென்மையான பெயரைச் சூட்டினார்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்த அறிகுறிகள் வழக்கமாக லேசானவை, சுமார் ஒரு வாரத்தில் தாமாகவே அடங்கிவிடும் என்றது. உலகெங்கும் அந்த ஒரு வாரக் கணக்கையே நாங்கள் மனப்பாடம் செய்தோம். நோயாளிகள் பல ஆண்டுகள் முறையிட்ட பிறகு, பிரிட்டனின் ராயல் மனநல மருத்துவர் கல்லூரி 2019 மே மாதம் தன் நிலைப்பாட்டை மாற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் நைஸும், சிலருக்கு இந்த அறிகுறிகள் கடுமையாகவும் நீண்ட காலமும் இருக்கக்கூடும் என்று திருத்திக்கொண்டது. அந்தத் திருத்தம் வருவதற்கு முன் படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பேருந்து நடத்துநர் ஒருவர் என்னிடம் வந்தார். பராக்சிடின் என்ற மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தியிருந்தார். பயணச்சீட்டு கொடுக்க முன்னும் பின்னும் தலையைத் திருப்பும்போதெல்லாம் காதுக்குள் 'சர்ர்' என்று ஓர் ஒலி கேட்பதாகவும், உடனே ஒரு நொடி உலகமே நழுவுவதாகவும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகவும் சொன்னார். நான் நோட்டில் 'பதற்றம்' என்று ஒரே சொல்லை எழுதினேன். அடுத்த மாதம் அவர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். அதற்குள் தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள் ரப்பர் வளையம் போட்டு அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் அன்று எத்தனை முறை அதிர்வு வந்தது, எத்தனை மணி நேரம் தூங்கினார், வீட்டில் மீதமிருந்த மாத்திரையில் ஏதும் போட்டாரா என்று பென்சிலால் எழுதியிருந்தார். தாங்க முடியாமல் மூன்று முறை அரை மாத்திரை போட்டிருக்கிறார். மூன்று முறையும் மறுநாள் தாளில் எண்ணிக்கை சரிந்திருந்தது, நான்கு நாள் கழித்து மீண்டும் ஏறியிருந்தது. எந்தப் பாடநூலும் எனக்குக் காட்டாததை அந்தத் தாள்கள் காட்டின. முதல் முறை வந்தபோதே அவர் சொன்னதை நம்பியிருந்தால் ஒரு மாத வேதனை அவருக்கு மிச்சமாகியிருக்கும். அந்த வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் வழியும் அதுதான். ஒரு தாளில், ஒரே பக்கத்தில், எந்த மாத்திரையை எவ்வளவு காலம் எடுத்தீர்கள், எந்தத் தேதியில் குறைத்தீர்கள், எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள், எது எந்த நாள் தொடங்கியது என்று எழுதுங்கள். அதன் கீழே, பழைய நோயின்போது இருந்தவை, இப்போது புதிதாக வந்தவை என்று இரண்டு வரிசைகளாகப் பிரித்துக் காட்டுங்கள். மருத்துவர் முன் அமர்ந்து, "எனக்கு விலகல் அறிகுறி வந்துவிட்டது" என்று முடிவோடு தொடங்கினால், பரபரப்பான புறநோயாளிப் பிரிவில் அது பல நேரம் விவாதமாக மாறிவிடும். "டாக்டர், நிறுத்திய நான்காம் நாள் இது தொடங்கியது, முன்பு எனக்கு இது இருந்ததில்லை, மாத்திரையை வேகமாக நிறுத்தியதால் இருக்குமா என்று பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். இயன்றால் உங்கள் கணவரையும் உடன் அழைத்துச் சென்று, அவர் கண்ணால் கண்டதை அவரையே சொல்லச் சொல்லுங்கள். நோயாளி சொன்னால் நம்பாத மருத்துவர் உடன் வந்தவர் சொன்னால் நம்புவது எனக்கு உவப்பான நடைமுறையல்ல. ஆனால் உங்களுக்கு இப்போது நிவாரணம் வேண்டும்.

தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 வைட்டமின், சோடியம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை அவர் எழுதித் தந்தால் மறுக்காதீர்கள். காதுக் கோளாறாலும் தலைசுற்றல் வரும். வேறு காரணம் இல்லை என்று உறுதியானால் உங்கள் வாதம்தான் வலுப்பெறும். அதன்பின் அவரிடம் கேட்க வேண்டியது, மாத்திரையைச் சிறிய அளவில் மீண்டும் தொடங்கி, நிலைபெற்ற பிறகு மெதுவாகக் குறைக்கலாமா என்பதுதான். விலகல் அறிகுறியாக இருந்தால் மீண்டும் தொடங்கிய சில நாட்களில் பெரும்பாலோருக்குத் தணியத் தொடங்கும். எந்த அளவில் தொடங்குவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், ஐந்து வாரங்கள் கழித்துப் பழைய பட்டையிலிருந்து நீங்களாக எடுத்துப் போட வேண்டாம். அந்த மருத்துவர் தாளைக்கூடப் பார்க்க மறுத்தால், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள மனநலப் பிரிவில் இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை.

மெதுவாகக் குறைப்பது என்றால் என்ன என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. 10, 5, பூச்சியம் என்று இறங்குவது சம அளவுப் படிகளாகத் தோன்றும். மூளையின் கணக்கு அப்படி இல்லை. மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர் 2019இல் லான்செட் மனநல இதழில் இதை விளக்கினார்கள். இவர்களில் ஹோரோவிட்ஸ், தாமே இத்தகைய மாத்திரையை நிறுத்த முயன்று அவதிப்பட்டதை வெளிப்படையாகச் சொன்ன மனநல மருத்துவர். உங்கள் மாத்திரைக்கு மிக நெருங்கிய உறவுடைய சிட்டலோபிராமை எடுத்துக்கொண்டால், செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளுக்கான, அது பற்றிக்கொள்ளும் வாயில்களில் 40 மில்லிகிராமில் ஏறத்தாழ 86 விழுக்காடும், 20 மில்லிகிராமில் ஏறத்தாழ 80 விழுக்காடும் அடைபடுகின்றன. அதாவது மருந்தைப் பாதியாக்கினாலும் மூளைக்கு அது சிறிய இறக்கம்தான். ஆனால் 5 மில்லிகிராம் அளவிலும் 60 விழுக்காட்டை ஒட்டி அடைபட்டே இருக்கிறது. அங்கிருந்து ஒரே நாளில் பூச்சியத்துக்குப் போவது மாடிப்படியின் பாதியிலிருந்து தரைக்குக் குதிப்பதற்கு ஒப்பாகும். அதனால்தான் கடைசிப் பாதி மாத்திரையில் ஆட்கள் விழுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அப்போது எடுத்துவரும் அளவில் ஒரு பங்கை, உதாரணமாகக் கால் பங்கையும், அது தாங்காவிட்டால் பத்தில் ஒரு பங்கையும் குறைத்து, இரண்டு முதல் நான்கு வாரங்கள் பொறுத்து, உடல் அடங்கிய பிறகு அடுத்த படிக்கு இறங்குவதே முறை. மூன்று ஆண்டுகள் எடுத்தவருக்கு இதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

இதைப் படித்துவிட்டு மாத்திரை சாப்பிடும் மற்றவர்கள் அஞ்ச வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024இல் லான்செட் மனநல இதழில் வெளிவந்த கணக்கின்படி, நிறுத்துவோரில் ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு மருந்தை நிறுத்தியதாலேயே அறிகுறிகள் வருகின்றன, கடுமையாக வருவது சுமார் 35 பேரில் ஒருவருக்கு. அந்த ஆய்வுகளில் பல குறுகிய காலம் மருந்து எடுத்தவர்களைப் பற்றியவை. எனவே பல ஆண்டுகள் எடுத்தவர்களுக்கு இந்த எண்ணிக்கை பொருந்தும் என்று நான் கருதவில்லை. எப்படியாயினும், 35 பேரில் ஒருவராக இருப்பவருக்குத் துன்பம் முழுத் துன்பம்தான்.

உங்கள் மருத்துவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். நோய் திரும்புவதும் உண்மையாகவே நடக்கிறது. பிரிட்டனில் நீண்ட காலம் மாத்திரை எடுத்து நலமாக இருந்தவர்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் மனச்சோர்வு மீண்டும் வந்தது. ஆகவே அறிகுறிகள் அடங்கிய பிறகும், சில மாதங்கள் கழித்துப் பழைய முகத்தோடு சோர்வு எட்டிப் பார்த்தால், அதையும் விலகல் என்று நினைத்து மறைக்காதீர்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, ஓரிடத்தில் உட்காரவே முடியாத தவிப்பு ஏற்பட்டாலோ, நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல் அளவுகடந்த வேகமும் பேச்சும் வந்தாலோ, அடுத்த சந்திப்புக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழில் பேசலாம். உங்கள் கணவரும் இந்தப் பத்தியைப் படிப்பார் என்று நம்புகிறேன். தம்பி, உங்கள் மனைவி மூன்று ஆண்டுகள் ஒழுங்காக மாத்திரை எடுத்து, சொன்னபடி நிறுத்தியவர். அவர் சொல்வதை நம்புங்கள். இந்த வாரங்களில் இரவு விளக்கணைத்த பிறகு அவர் தனியாக விழித்திருக்க நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 66 வயது. ஏழு ஆண்டுகளாக வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறார். பொங்கல் விடுமுறையில் மருந்து தீர்ந்து, இரண்டு நாள் கடையில் கிடைக்காமல் போனது. வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, தரையில் கால் பாவவில்லை என்று அழுதார். மாத்திரைக்கு அடிமையாகிவிட்டார் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். அது உண்மையா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்மையல்ல. அடிமையானவர் மருந்தைத் தேடி அலைவார், போதைக்காக அளவைக் கூட்டுவார், வீட்டையும் வேலையையும் மறப்பார். உங்கள் தாயார் ஏழு ஆண்டுகளாக அளவு மாறாமல் எடுத்துவருகிறார். அவருடைய உடல் மருந்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். இரத்த அழுத்த மாத்திரைகளில்கூடச் சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறும். அதை யாரும் அடிமைத்தனம் என்று சொல்வதில்லை.

வென்லாஃபாக்சின் மனச்சோர்வு மாத்திரைகளின் குடும்பத்திலேயே மிக விரைவாக உடம்பைவிட்டு நீங்கும் மருந்துகளில் ஒன்று. சுமார் 5 மணி நேரத்தில் அது பாதியாகிவிடும், அதிலிருந்து உண்டாகும் துணைப்பொருள் சுமார் 11 மணி நேரத்தில் பாதியாகும். எனவே ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரிந்துவிடும். அவர் பட்டது மருந்தின் இயல்பால் வந்தது. வீட்டில் எப்போதும் இரண்டு வாரத்துக்கான இருப்பு இருக்கட்டும். அந்த இருப்பு குறைவதற்கு முன்பே அடுத்ததை வாங்கிவிடுங்கள். அவர் எடுப்பது மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் அதை உடைக்கவோ நசுக்கவோ கூடாது. இந்த மருந்து எடுப்பவருக்கு இரத்த அழுத்தத்தையும், இந்த வயதில் சோடியத்தையும் அவ்வப்போது பார்ப்பது நல்லது.

கேள்வி: நான் 26 வயதுப் பொறியாளன். எஸ்சிட்டலோபிராமும் குளோனாசெபாமும் சேர்ந்த மாத்திரையை ஒன்றரை ஆண்டுகளாக இரவில் எடுக்கிறேன். குறைக்க விரும்புகிறேன். இதைவிடச் சிறிய மாத்திரை கிடைக்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாம் என்று மருந்துக் கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: செய்யாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கும். சராசரி குறைந்தாலும், இரண்டு நாளுக்கு ஒருமுறை உங்கள் மூளை ஒரு சிறு விலகலைச் சந்திக்கும். தினமும் ஒரே அளவாக, அந்த அளவையே சிறிது சிறிதாகக் குறைப்பதுதான் சரி.

உங்கள் மாத்திரையில் இருப்பவை இரண்டு வேறு மருந்துகள். குளோனாசெபாம் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் குறுகிய காலம் தர வேண்டிய மருந்து. நம் ஊரில் இந்த இணைப்பு மாத்திரை ஒரு சீட்டில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் தொடர்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒன்றரை ஆண்டு எடுத்தபின் அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இணைப்பு மாத்திரையை வெட்டினால் இரண்டும் ஒன்றாகக் குறையும், எது எதனால் வருகிறது என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

ஆகவே முதலில் மருத்துவரிடம் இரண்டையும் தனித்தனி மாத்திரைகளாக எழுதித் தரும்படி கேளுங்கள். எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராம் மாத்திரையாகவும் கிடைக்கிறது, மாத்திரை வெட்டியால் அதைப் பாதியாகவும் காலாகவும் பிரிக்கலாம். அதற்கும் கீழே போக வேண்டிய நிலை வந்தால், திரவ வடிவம் வரவழைக்க முடியுமா என்று மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் கேளுங்கள். உடம்பில் நாள்கணக்கில் தங்கி மெல்லக் குறையும் ஃபுளூவாக்சிடின் என்ற வேறொரு மனச்சோர்வு மாத்திரைக்கு மாற்றி, அதன்பின் நிறுத்தும் முறையும் உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை அவர் சொல்வார். இரண்டு மருந்துகளையும் ஒரே மாதத்தில் குறைக்க வேண்டாம். எதை முதலில் குறைப்பது என்று அவரோடு முடிவு செய்துகொண்டு, தேர்வோ வேலை மாற்றமோ திருமணமோ இல்லாத ஒரு மாதத்தில் முதல் படியைத் தொடங்குங்கள்.